பேனலை மட்டும் பார்த்துப் பள்ளிக்கு சோலார் வாங்காதீர்கள்

நான் இயற்பியல் ஆசிரியர். அதனால் இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கிராமப் பள்ளி ஒன்றுக்கு சோலார் போட யாராவது நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தால், எங்களுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

எங்கள் பள்ளியில் மாலையானால் கரண்ட் போய்விடும். தேர்வு எழுதும் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து படிக்க மூன்று மணி நேரம் வெளிச்சமும் காற்றும் வேண்டும், அவ்வளவுதான். 20 வாட் எல்இடி ட்யூப் பத்து, 70 வாட் ஃபேன் நான்கு. மொத்தம் 480 வாட். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி நான்கு தருவதாக சோலார் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். "ஏழு யூனிட் சார், நீங்க செலவு பண்ணாலும் தீராது" என்றார் வந்தவர். பெருக்கினால் 7.2 வரும்தான். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். அந்தப் பாதியிலும் இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் மூன்று யூனிட். அதுவே எங்களுக்குத் தாராளம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதே கேட்டிருந்தால் ஆளின் லட்சணம் தெரிந்திருக்கும்.

மாட்டிய அன்று எல்லோரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தோம். பேனல்களில் குறையே இல்லை, இன்றுவரை இல்லை. பேட்டரியும், பேனல் கரண்டைக் கட்டுப்படுத்தி அதில் ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலரும் இருந்த ஸ்டோர் ரூமுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் அருமையாக ஓடியது. ஐந்தாம் மாதம் ஒரு மணி நேரம். எட்டாம் மாதம் இருபது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால் அது நல்ல கோடைக்காலம், கூரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

போன் செய்தால், "டிஸ்டில்டு வாட்டர் ஊத்தாம விட்டுட்டீங்க" என்று பழியை எங்கள் மேல் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஊற்றுவதற்கு மூடியே இல்லாத சீல் வைத்த பேட்டரி! சந்தேகம் வந்து மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தோம். சோலார் பேட்டரி என்றால் ஏஎச் அளவோடு சி10 என்று போட்டிருக்கும், பத்து மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு அது. அடியில் இருந்த லேபிளிலோ சிசிஏ என்று இருந்தது. அது வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரிக்குப் போடுவது. அதன் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுக்கத்தான் லாயக்கு. தினமும் பாதி காலியாகும் வேலைக்கு மாதக்கணக்கில்தான் தாங்கும்.

அதோடு முடியவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். நல்ல வெயிலில் பேனலிலிருந்து வரும் கரண்டையும் பேட்டரிக்குப் போகும் கரண்டையும் அளந்தார். இரண்டும் ஒன்றே. கன்ட்ரோலரின் மூடியில் எம்பிபிடி என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். உண்மையான எம்பிபிடி என்றால் பேனலின் கூடுதல் வோல்டேஜைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கரண்டைக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே பேட்டரி பக்கம் அதிகமாகக் காட்ட வேண்டும். உள்ளே இருந்தது அப்படி மாற்றிக் கொடுக்கத் தெரியாத, விலை குறைந்த பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர்.

கோடையில் சார்ஜ் ஏறாத மர்மமும் அங்கேதான் இருந்தது. எங்களுடையவை 60 செல் பேனல்கள், 25 டிகிரியில் வேலை வோல்டேஜ் 31 போல இருக்கும். எல்லாவற்றையும் வோல்டேஜ் கூடாத பேரலலில் இணைத்து, 12 வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்த 24 வோல்ட் வரிசைக்கு விட்டிருந்தார்கள். செல் 65 டிகிரிக்குச் சூடானால் அந்த 31 என்பது 26-க்கு வந்துவிடும். பேட்டரி முழுதாக நிறைய 28.8 வோல்ட் வேண்டும். எங்கிருந்து நிறையும்? அரைகுறையாகவே கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டது. பேனல்களை வோல்டேஜ் இரட்டிப்பாகும்படி சீரிஸில் இரண்டிரண்டாக இணைத்து நிஜ எம்பிபிடி போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. சீரிஸ், பேரலல் கணக்கை வருடா வருடம் கரும்பலகையில் போடுபவன் நான்.

கொட்டேஷனில் இருந்த "25 ஆண்டு வாரண்டி"யை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனோம். அது பேனலுக்கு மட்டுமாம். பேட்டரிக்கு வாரண்டி கார்டே கொடுக்கவில்லை. இப்போது அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை.

இன்னொரு பள்ளியிலிருந்து கேட்டபோது நான் சொன்னது இதுதான்: பேட்டரியின் வகை, சி10 அளவு, சீரியல் நம்பர், கன்ட்ரோலரின் மாடல் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை, முழு லோடு போட்டு மூன்று மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகு கொடுங்கள். அதையும் ஒரு நாள் பார்த்தால் போதாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். எங்களுடையதும் முதல் நாள் ஜோராகத்தான் ஓடியது.