பீச் ரோட்டில் இரண்டு காபி

கையில் ஐநூறு ரூபாய் நோட்டு இருந்தும் புதுச்சேரியில் ஒரு காபி வாங்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில், எங்கள் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து சின்ன வயசில் நடந்தே வந்துவிடும் தூரத்தில் இது நடந்தது. மற்றதெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் பாரிஸுக்குத் திரும்பி வந்தபிறகும் மனசு அந்தக் காபிக் கடையிலேயே நிற்கிறது.

திடீர்ப் பயணம்தான். பாரிஸில் ஜனவரி மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், விடிந்தாலும் சூரியன் தலைகாட்டாது. பிள்ளைகள் படிப்பு என்று வெளியூர் போய்விட்டார்கள். ஒரு நாள் ராத்திரி இவர் போனைப் பார்த்துக்கொண்டே, "சென்னைக்கு டிக்கெட் விலை இறங்கியிருக்கு, போலாமா?" என்றார். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த வாரக் கடைசியிலேயே கிளம்பிவிட்டோம். கல்யாணம், சாவு, காதுகுத்து என்று ஏதாவது ஒன்றுக்காக இல்லாமல், எங்கள் இரண்டு பேருக்காக மட்டுமே ஊருக்குப் போனது இதுதான் முதல் தடவை. அதனால் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் அறை எடுத்துத் தங்கினோம். லாஸ்பேட்டையில் அக்கா வீடு இருக்கும்போது வெளியே ரூம் போட்டால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விமானம், ஈசிஆர் பயணம், அறை, வெந்நீர் எதிலும் குறையில்லை. ஆட்டோவில் மீட்டர் கிடையாது, பேரம் பேசித்தான் ஏற வேண்டும். அது எப்போதும் உள்ளதுதான்.

பீச் ரோட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காந்தி சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வளர்ந்த காலத்தில் அங்கே மணலே கிடையாது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை அது மறித்துவிட்டது, கடற்கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. மீதியைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். பீச் என்றால் எங்களுக்கு அந்தக் கல்தான். இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிஜமான மணல்! 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரர்கள் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய அமைப்பை இறக்கி, மணலைத் திரும்பப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இவர் குழந்தை மாதிரி அலையில் நின்றார். பாரிஸில் கையுறை போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடும் அதே மனுஷன்.

சரி, காபிக்கு வருகிறேன்.

பீச் ரோட்டிலிருந்து திரும்பும் ஒரு தெருவில் முன்பு ஒரு பெட்டிக்கடை இருந்தது. அங்கே இப்போது கண்ணாடி போட்ட ஒரு காபிக் கடை. பேரைச் சொல்லப்போவதில்லை. உள்ளே போய், "தம்பி, ரெண்டு காபி" என்றேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "போன் நம்பர் சொல்லுங்கக்கா, ஓடிபி வரும்." எங்களிடம் இந்திய நம்பர் இல்லை. முன்பு வைத்திருந்த நம்பரை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதால் அது வேறு யாருக்கோ போய்விட்டது. இந்தத் தடவை வாங்கியிருந்த இ-சிம்மில் இன்டர்நெட் மட்டும்தான் வரும், நம்பர் கிடையாது. எங்கள் பிரான்ஸ் நம்பரைச் சொன்னால் பத்து இலக்கத்துக்கு மேல் அந்தத் திரை வாங்க மறுத்தது. சரி என்று அவனே தன்னுடைய நம்பரைப் போட்டான். அடுத்து பணம். ஐநூறை நீட்டினேன்.

"கேஷ் எடுக்கறதில்லக்கா. ஸ்கேன் பண்ணிடுங்க."

"சில்லறை இல்லைன்னா மீதிய அப்புறம் வாங்கிக்கறோம்பா."

"சில்லறைக்கு இல்லக்கா. கல்லாப்பெட்டியே கிடையாது."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கல்லா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கியூஆர் அட்டை, அதன் பக்கத்தில் பணம் வந்தால் அறிவிக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர். இவர் தன்னுடைய வங்கி அட்டையைக் கொடுத்தார். மெஷின் யோசித்துப் பார்த்துவிட்டு முடியாது என்றது. வெளிநாட்டு அட்டையை அது எடுக்காதாம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் நான்காக மடித்த நோட்டுகள். "எனக்கும் இதே கதைதாம்மா. யாராவது பசங்க வந்தா அவங்க போன்ல போடச் சொல்லிட்டு காசக் குடுத்துடுவேன்" என்றார். நாங்கள் பாரிஸ் என்றதும் இவரிடம் சரளமாகப் பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அந்தத் தெருவில் பெட்டிக்கடை இருந்த நாளிலிருந்து சாயங்கால காபி அவருக்கு அங்கேதானாம். பிரெஞ்சு அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர், தன் சொந்தத் தெருவில் ஒரு காபிக்கு அடுத்தவர் போனை எதிர்பார்த்து நிற்கிறார்.

கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "நான் போட்டுடறேன் ஆன்டி, எனக்குக் கேஷ் குடுத்துடுங்க" என்று மூன்று காபிக்கும் சேர்த்து ஸ்கேன் பண்ணினாள். நூற்றெண்பது ரூபாய். ஸ்பீக்கர் அதைத் தமிழில் உரக்கச் சொன்னது. ஆனால் என் ஐநூறுக்கு அவளிடம் மீதி இல்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளைப் பிரித்து, எச்சில் தொட்டு எண்ணி, நூற்றெண்பதை அவள் கையில் வைத்தார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "ஊருக்கு வந்திருக்கீங்க. ஒரு காபி நான் வாங்கித் தரக்கூடாதா?"

இந்த மனசு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் அந்த மனுஷருக்கு அந்த நிலைமை வந்திருக்கக் கூடாது என்பதுதான் என் கோபம்.

போனில் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் சில்லறைக்குச் சண்டை போட்ட காலம் போய்விட்டது. கடற்கரையில் சுண்டல் விற்ற பையன் கழுத்தில் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தான். இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்ததும் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் நான் கேட்பது. இரண்டையும் வாங்குங்கள். பிரான்சில் கடைக்காரர் ரொக்கத்தை மறுத்தால் 150 யூரோ வரை அபராதம். கார்டு வேண்டாம் என்று சொல்லலாம், செக் வேண்டாம் என்று சொல்லலாம், நோட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் தெரு ரொட்டிக் கடையில் ஒரு பாட்டி தினமும் சில்லறைக் காசைப் பரப்பி வைத்து எண்ணிக் கொடுப்பாள். பின்னால் வரிசை நிற்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை.

2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுரத்துக்கே, போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் கொடுக்கும் நம்ம யூபிஐ வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் போனிலேயே அங்கே டிக்கெட் எடுக்கலாம். அது எனக்குப் பெருமைதான். அதே மரியாதை, பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவளுக்கும் கிடைக்க வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய ரூபாயைப் பத்திரமாக எடுத்து வைத்துத் திரும்பக் கொண்டு வருகிறவர்கள் நாங்கள். 2016இல் பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போனது, 2023இல் இரண்டாயிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது செல்லுகிற நோட்டுக்கும் கடையில் இடமில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கடைக்கு நானே போய் மேற்பார்வையாளரிடம் பேசினேன். ரொக்கம் வைத்தால் ராத்திரி கணக்கு நேர்செய்ய ஆள் வேண்டும், மேலிடத்து முடிவு என்றார். தினமும் வரும் அந்தப் பெரியவருக்காகவாவது ஒரு டப்பா வையுங்கள் என்றேன். "சொல்லிப் பார்க்கிறேன் மேடம்" என்று எழுதி வைத்துக்கொண்டார். செய்வாரா தெரியாது. அக்காவிடம் வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி போகிறவர்களுக்கு: குறைந்த நாள் பயணம்தானே என்று இ-சிம்மோடு நிற்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி ஏர்போர்ட்டிலேயே இந்திய சிம் வாங்கிவிடுங்கள். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் ஓடிபி வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று இந்திய வங்கிகள் தரும் என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கு இருக்கிறவர்கள் யூபிஐக்கு என்ன வழி என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று 2023இல் ஜி20 மாநாட்டுச் சமயத்தில் கொண்டுவந்த யூபிஐ ஒன் வேர்ல்டு என்ற வாலட்டும், அதாவது போனில் வைத்துக்கொள்ளும் பணப்பையும், இருக்கிறது. ரொக்கம் மாற்றும்போது நூறு, ஐம்பதாகக் கேட்டு வாங்குங்கள்.

இது எதுவும் இல்லாத எங்களுக்கு அக்கா மகன் ஒரு வழி சொன்னான். கடையில் உள்ள கியூஆரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், லாஸ்பேட்டையில் உட்கார்ந்தபடியே அவன் பணம் போட்டுவிடுவான். மீதி நாளெல்லாம் அப்படித்தான் ஓடியது. நாங்கள் எங்கே போகிறோம், என்ன சாப்பிடுகிறோம் என்பதெல்லாம் அக்காவுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு ஐஸ்கிரீம் கடைப் படம் போனதுமே அக்காவிடமிருந்து போன்: "ஏண்டி, இந்நேரத்துல ஐஸ்கிரீமா? தொண்டை கட்டிக்கப் போகுது. இவ்ளோ தூரம் வந்துட்டு வீட்ல வந்து ஒரு வாய் சாப்பிட முடியலையா?" மறுநாள் மத்தியானம் லாஸ்பேட்டையில் வஞ்சிர மீன் குழம்பு, வறுவல், ரசம். பில் வரவில்லை.