நிழலுக்கு இம்பேஷன்ஸ் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

வெயில் படாத இடத்துல பூ வேணும்னா எல்லாரும் முதல்ல கை காட்டுறது இம்பேஷன்ஸைத்தான். மரத்தடி, சுவரோரம், எங்க வெச்சாலும் சிவப்பு வெள்ளை ரோஸ்னு மண்ணே தெரியாம பூக்கும். அதுக்காகத்தான் ஒரு நர்சரியில ட்ரே ட்ரேயா நாத்து வாங்கி நட்டேன். நர்சரி பேரு இங்க போடல, ஆனா நடந்ததை அப்படியே எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு வித்திருக்காங்களோ தெரியல.

நட்ட புதுசுல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இலையெல்லாம் லேசா வெளிற ஆரம்பிச்சுது, பச்சைக்கு நடுவுல பொடிப்பொடியா மஞ்சள், ஓரமெல்லாம் கீழ்ப்பக்கமா மடங்குச்சு. போட்டோ எடுத்துட்டு வாங்கின நர்சரிக்கே போய் காட்டினேன். அங்க இருந்தவர் போனை கையில வாங்கிக்கூட பாக்கல, "சத்து பத்தல மேடம், இந்த உரத்தைப் போடுங்க, கூடவே இந்த மருந்தையும் கலந்து அடிங்க, ஒரே வாரத்துல பளிச்சுனு ஆயிடும்"னு சொல்லி ரெண்டு பாக்கெட்டை குடுத்து காசு வாங்கிட்டார். இலைக்கு அடியில எப்படி இருக்குனு ஒரு வார்த்தை கேக்கல. இந்தச் செடியை விக்கிறவங்க முதல்ல கேக்க வேண்டியதே அதுதான்.

வீட்டுக்கு வந்து இலையைத் திருப்பினா அடியில முழுக்க வெள்ளையா மாவு ஒட்டின மாதிரி படிஞ்சிருக்கு. உரமும் போட்டு மருந்தும் அடிச்சேன், ஒண்ணும் நிக்கல. மொதல்ல பூ கொட்டுச்சு, அப்புறம் இலை கொட்டுச்சு, கடைசியில நுனியில ரெண்டு குட்டி இலையோட வெறும் தண்டு மட்டும் நின்னுச்சு, அப்புறம் அதுவும் கொழகொழனு ஆகி சாஞ்சிருச்சு.

இது சத்துக் குறைபாடே இல்லைங்க. இம்பேஷன்ஸ்ல வர்ற அடிச்சாம்பல் நோய். திராட்சைக்கு வர்ற அடிச்சாம்பல் நோய்க் கிருமி பிளாஸ்மோபாரா இருக்குல்ல, அதே இனத்துல இன்னொண்ணு இது, ஆனா திராட்சைக்குப் போகாது, இம்பேஷன்ஸ் வகைகளை மட்டும்தான் பிடிக்கும். பாக்க பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா உண்மையான பூஞ்சை கிடையாது, ஊமைசீட்னு சொல்ற தனிக் கூட்டம், உருளைக்கிழங்கை அழிக்கிற கருகல் நோயும் இந்தக் கூட்டம்தான். இதை ஏன் இவ்வளவு இழுத்து சொல்றேன்னா எனக்கு வித்த மருந்து பாக்கெட்டை பின்னாடி திருப்பிப் படிச்சா அது கார்பன்டசிம். அது உண்மையான பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து, இந்தக் கூட்டத்துக்கு அது வேலையே செய்யாது. எவ்வளவு அடிச்சாலும் தண்ணி தெளிச்ச மாதிரிதான், இன்னும் சொன்னா இலை நனைஞ்சதுனால நோய் ஜாஸ்திதான் ஆயிருக்கும். மருந்து விக்கிற கடையில இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

திரும்பப் போய் கேட்டேன். இந்தத் தடவை பேச்சு மாறிடுச்சு, நான் தண்ணி அதிகமா விட்டுட்டேனாம், அப்படி ஒரு நோயே இம்பேஷன்ஸுக்கு கிடையாதாம். 2003லயே இங்கிலாந்துல இது பரவி, 2004ல அமெரிக்காவுல பசுமைக்குடில்கள்ல வந்து, 2011, 2012ல அங்க தோட்டம் தோட்டமா இந்தச் செடியை காலி பண்ணின நோய் இது. இந்தச் செடியை வெச்சு வியாபாரம் பண்றவர் இல்லவே இல்லைனு சொன்னா எப்படி நம்புறது. சரி பரவால்ல, பாதி விலைக்கு புது ட்ரே தரேன், அதே எடத்துல நட்டுக்கங்கனு சொன்னார். நான் வாங்கல. வெளிய வரும்போது அங்க வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு மெதுவா சொல்லுச்சு, "அக்கா, அந்த லோடு வந்தப்பவே இலை கொட்டிட்டுதான் இருந்துச்சு, மஞ்ச இலையெல்லாம் கிள்ளி எடுத்துட்டுதான் வெளிய வெக்கச் சொன்னாங்க." அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பத்திட்டு வந்துச்சு. செடி செத்தது வேற விஷயம், தெரிஞ்சே நோயை மறைச்சு விக்கறது ஏமாத்து வேலை இல்லாம வேற என்ன.

அதை விட மோசம் அந்தப் பாதி விலை ட்ரே. நோய் வந்த தண்டு மண்ணுல மக்கும்போது உள்ள இருக்கற கிருமியோட கெட்டித் தோல் வித்துக்கள் மண்ணுலயே தங்கிடும், வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். அதே எடத்துல மறுபடியும் இம்பேஷன்ஸ் வெச்சா கிருமிக்கு நாமளே சாப்பாடு போடற மாதிரி. எனக்கு செடிக்கு குடுத்த காசு கூட பெருசில்ல, அந்த மண்ணு போச்சே, அதுதான் மனசு ஆறல.

வாங்கப் போறவங்க இலையைத் திருப்பிப் பாக்காம வாங்காதீங்க, அதுவும் ட்ரேக்கு நடுவுல நெருக்கமா இருக்கற இலை, கீழ் இலை. சாம்பல் நோய்னா இலை மேல பவுடர் மாதிரி தெரியும், இது அடியில மட்டும் இருக்கும், மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. தண்டுல இலை கிள்ளின தழும்பு நிறைய இருந்தா ஏன்னு கேளுங்க. ஆனா பாக்க சுத்தமா இருக்குங்கறதுக்காக நம்பிடவும் முடியாது, கிருமி ஏறி 5 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். அதனால புதுசா வாங்கினதை ரெண்டு வாரமாவது தனியா வெச்சுட்டு அப்புறம் நடுங்க. தண்ணியை காலையில மண்ணுல ஊத்துங்க, சாயங்காலம் இலை மேல தெளிக்காதீங்க. 15ல இருந்து 23 டிகிரி குளிர்ச்சியும் ராத்திரி பூரா இலையில ஈரமும் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம், காத்துலயும் தண்ணி தெறிக்கறதுலயும் பரவிடும்.

வந்துருச்சுன்னா காப்பாத்த முடியாது. மெட்டலாக்சில் மாதிரி மருந்தெல்லாம் வர்றதுக்கு முன்னாடி அடிச்சாதான் ஏதோ உதவும், அதுக்கும் அடங்காத கிருமி வகை 2011லயே இங்கிலாந்துல வந்தாச்சு. வேரோட பிடுங்கி, கொட்டின இலை பூ எல்லாத்தையும் பொறுக்கி, கவர்ல கட்டி குப்பைக்கு அனுப்புங்க, உரக்குழியில மட்டும் போட்டுறாதீங்க.

அந்த எடத்துல வேற வெக்கலாம், பிகோனியா, கோலியஸ் எல்லாம் இதுக்கு சிக்காது. இம்பேஷன்ஸே வேணும்னா நியூ கினி இம்பேஷன்ஸ் நல்லா தாங்கும், சாதா வகையிலயே பீக்கன், இமாரானு எதிர்ப்பு சக்தியோட ரகங்கள் வந்திருக்கு, பேர் சொல்லி கேளுங்க. காசித்தும்பையும் இதே குடும்பம், அதுலயும் அடிச்சாம்பல் வர்றது உண்டு, அதனால மாத்தி வெக்கறதுக்கு அது சரிவராது.

என் காசு இன்னும் வரல. போட்டோ, மருந்து பாக்கெட், பில்லு எல்லாம் வெச்சு எழுத்துல புகார் குடுத்திருக்கேன். நீங்களும் செடி வாங்கும்போது ரக பேரு எழுதின பில்லு கேட்டு வாங்குங்க, வாங்கின அன்னிக்கே இலையோட அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, அப்பதான் நாளைக்கு "நீங்க தண்ணி அதிகமா விட்டுட்டீங்க"னு சொன்னா காட்ட முடியும்.