அனுமதிச் சைகையா, தடுப்புச் சைகையா?

400 கிலோவோல்ட் மின்தடத்தில், பழுது எவ்வளவு தொலைவில் என்று கணித்துத் தடத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவியான டிஸ்டன்ஸ் ரிலேயின் முதல் மண்டலம் (அதன் முதல் காவல் எல்லை) சுமார் 80 சதவீத நீளத்தை மட்டுமே உடனடியாகக் காக்கிறது. மறுமுனைக்கு அருகே பழுது என்றால் இரண்டாம் மண்டலம் 0.3 நொடிக்கு மேல் காத்திருக்கும். அதைத் தவிர்க்கவே இரு முனை ரிலேக்களும் சைகை அனுப்பிக்கொள்கின்றன.

அனுமதி முறையில், தானும் முன்புறம் பழுதைக் கண்டு, மறுமுனையின் சைகையும் வந்தால்தான் ரிலே பிரேக்கரைத் திறக்கும், அதாவது தடத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். தடுப்பு முறையில், பழுது தன் பின்புறம், அதாவது இந்தத் தடத்துக்கு வெளியே, இருப்பதை உணரும் ரிலே 'திறக்காதே' என்று சொல்லும். எதிர்முனை சில பத்து மில்லிநொடிகள் பொறுத்து, தடை வராவிட்டால் திறந்துவிடும்.

சைகை மின்கம்பி வழியாகவே செல்லும் கேரியர் முறையில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. அனுமதிச் சைகை பழுதான கம்பியையே கடக்க வேண்டும். பழுதில் அது நலிந்துபோகலாம். தடுப்புச் சைகைக்கோ அந்தத் தடம் நலமாக இருக்கும்போதுதான் வேலை.

ஆனால் சைகை தொலைந்தால்? அனுமதி முறை தாமதமாகத் திறக்கும். தடுப்பு முறை, பக்கத்துத் தடத்தின் பழுதுக்கு நல்ல தடத்தையும் சேர்த்து அறுத்துவிடும். பின்னது எனக்கு உண்மையாகவே அச்சம் தருகிறது. நெருக்கடியில் இருக்கும் கிரிடை அடுக்கடுக்காகச் சரியவைப்பது இத்தகைய தேவையற்ற திறப்புதான்.

ஆகவே சைகை பழுதான கம்பியைக் கடக்கத் தேவையில்லாத, ஒளியிழை இருக்கும் தடங்களில் அனுமதி முறையையே தேர்வேன். ஒரு முனையில் மின்மூலம் வலுவற்றிருந்தால் அங்குள்ள ரிலே பழுதை உணராமல் போகலாம் என்பதால், வந்த சைகையைத் திருப்பி அனுப்பும் எதிரொலி ஏற்பாடு கூடுதலாகத் தேவைப்படும். கேரியரை மட்டுமே நம்பியிருக்கும் பழைய தடங்களில் தடுப்பு முறை இருக்கட்டும், அன்றாடச் சைகைச் சோதனையோடு.