வெளிமாநிலப் பிள்ளைக்கு எங்கே வாய்ப்பு அதிகம்: மிச்சிகனா, சேப்பல் ஹில்லா?

அமெரிக்காவில் வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது நாம் எல்லோரும் முதலில் தேடுவது மொத்தச் சேர்க்கை விகிதத்தைத்தான். ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இடம். நியூ ஜெர்சியில் படித்த என் மகளுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. பெயர், தரம், வளாகம் இவற்றிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது, வெளியாருக்கு எத்தனை இடம் என்பதைத்தான். சேப்பல் ஹில்லில் முதலாம் ஆண்டு இடங்களில் 18 சதவீதத்துக்கு மேல் வெளிமாநிலத்தாருக்குத் தரக்கூடாது என்று 1980களிலிருந்தே விதி இருக்கிறது. விண்ணப்பிப்பவர்களிலோ வெளிமாநிலத்தார்தான் பெரும்பான்மை. அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குச் சேர்த்துக்கொள்ளும் அதே இடத்தில், வெளியிலிருந்து வருபவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அந்த மொத்த விகிதம் இந்த இரண்டையும் கலந்து வந்த சராசரி. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இன்னும் கடுமை, 90 சதவீத இடம் அந்த மாநிலத்தாருக்கே.

மிச்சிகனில் அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. 1850-லேயே மாநில அரசியல் சட்டம் நிர்வாகத்தை ரீஜெண்ட்கள் என்ற பல்கலைக்கழக ஆட்சிக் குழுவிடம் கொடுத்துவிட்டது. சட்டமன்றம் நினைத்தபடி ஒதுக்கீடு போட்டுவிட முடியாது. மாநில அரசு தரும் பணமும் காலப்போக்கில் சுருங்கியதால் வெளியாரின் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படுகிறது. இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மிச்சிகனுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். 18 எங்கே, பாதி எங்கே! நான் மிச்சிகன் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

அதற்காக அங்கே சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. விண்ணப்பங்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. நவம்பர் 1-க்குள், முன்கூட்டியே விண்ணப்பித்து முடிவையும் முன்கூட்டியே பெறும் ஏர்லி ஆக்‌ஷனில் போட்டவர்களில் பலருக்கு ஜனவரியில் வருவது 'டெஃபர்', அதாவது முடிவு பிறகுதான் என்ற பதில்தான். 'இந்தக் கல்லூரியில் ஏன் சேர விரும்புகிறாய்?' என்று 550 சொற்களுக்குள் ஒரு கட்டுரை கேட்பார்கள். மகளின் முதல் வரைவு கால்பந்து மைதானத்தில் தொடங்கியது. அந்தப் பத்தியை மொத்தமாக எடுத்துவிட்டு, ஆன் ஆர்பரின் சமூக ஆய்வு நிறுவனத்தில் மக்கள் கருத்தாய்வுகளை எப்படி வடிவமைக்கிறார்கள், அதில் புள்ளியியல் படிக்கும் தனக்கு என்ன வேலை என்று எழுதினாள். வெளிமாநிலப் பிள்ளை என்றால் இதில் அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது என் எண்ணம். இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டாள்.

சரி, பணம். இங்கே மிச்சிகன் தோற்கிறது. வெளிமாநிலத்தாருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது, மூன்றாம் ஆண்டிலிருந்து இன்னும் ஏறும். 'கோ ப்ளூ கேரன்டி' என்ற மிச்சிகனின் கட்டண உதவி அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு மட்டும். சேப்பல் ஹில்லில் கட்டணமும் குறைவு. இடம் கிடைத்துவிட்டால், வெளிமாநிலத்தாருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து, குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை முழுமையாக ஈடுகட்டுகிறார்கள். எங்கள் இருவர் சம்பளத்துக்கு அந்த உதவி வராது, 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் பணமும் இருந்தது. அதனால் எங்கள் கணக்கு மிச்சிகனுக்குச் சாதகமாக முடிந்தது. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது அப்படியே தலைகீழாகலாம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்ஸா என்ற உதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் சொல்வது கலை, அறிவியல் கல்லூரியை வைத்து. பொறியியல், வணிகப் படிப்புகளுக்கு இதே அளவுகோல் பொருந்தும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். மிச்சிகன் இப்போது ஏர்லி டிசிஷனும் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் அனுபவம் அதற்கு முந்தையது. அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகள் தரும் உதவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் பண விஷயம் தெளிவாகாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர், அதாவது உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணிக்கும் கருவி இருக்கிறது. பிள்ளை கட்டுரை எழுத உட்காரும் முன்பே உங்கள் வருமானத்தை அதில் போட்டுப் பாருங்கள்.