வெள்ளத்தில் நின்ற காரோடு பதினெட்டு மாதம்

2024 ஜூலையில் திருச்சியில் ஒரு பழைய கார் கடையில் 4,35,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், சென்னைப் பதிவு, சிங்கிள் ஓனர், மீட்டரில் 38,000 கிலோமீட்டர். இப்போது 57,000. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப்போவதில்லை. வண்டியைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஒருநாளும் காலை வாரியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போய்வந்தால் ஏசியோடு லிட்டருக்கு 17, ஊருக்குள் 13. சஸ்பென்ஷனில் சத்தமில்லை, கிளட்ச் இன்னும் பழையதுதான். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் கொடுத்த காசுக்கு நல்ல வண்டி.

கோளாறெல்லாம் கரண்டில்தான். முதல் வாரமே ரிமோட் ஒரு கதவை மட்டும் பூட்டாமல் விட்டது. கடையில் சொன்னேன். "பேட்டரி மாத்துங்கண்ணே, சரியாயிடும்" என்றார்கள். மாற்றினேன், பத்து நாள் சரியாக இருந்தது. அக்டோபரில் மழை பிடித்ததும் ஸ்டியரிங் விளக்கு எரிந்தது, ஒரு திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பின் இடது கண்ணாடி யாரும் தொடாமலே இறங்கியது. டிசம்பரில் ஏர்பேக் விளக்கு. ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை, சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே, ஒரு சென்சார் என்று மாற்றிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சரியானது. அதில்தான் ஏமாந்தேன். ஒரு கோளாறுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றவில்லை.

பிப்ரவரியில் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். அவர் ஸ்கேனரைக்கூட எடுக்கவில்லை. முன் சீட்டைக் கழற்றி, தரைக் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல், காய்ந்து வெடித்துக் கிடந்தது. சீட் போல்ட்டெல்லாம் துரு. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்க்கச் சொன்னார்; கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. "சார், இது தண்ணியில நின்ன வண்டி. மேல கழுவிட்டாங்க, கீழ கழுவல."

வண்டி தண்ணீரில் நின்றால் வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் சேறு புகுந்துவிடும். காய்ந்த பிறகு எல்லாம் வேலை செய்யும். ஆனால் செம்புப் பின்கள் மெல்லப் பச்சை பூக்கும். கரண்ட் போகும் வழி அடைபடும். சிக்னல் தப்பாக வந்தால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது விளக்கைப் போட்டுவிடும். ஒரு கப்ளரைச் சுத்தம் செய்தால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று. மழைக்காலம் வந்தால் இரண்டு மூன்று சேர்ந்து.

வாங்கும்போதே ஒரு தடயம் என் கையில் இருந்தது. கடைக்காரர் கொடுத்த இன்சூரன்ஸ் நகலில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யம். 2019 வண்டிக்கு ஒரு கிளைமும் இல்லையென்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நான் கேட்கவும் செய்தேன். "பழைய ஓனர் மூணு மாசத்துக்கு மேல ரினியூ பண்ணாம விட்டுட்டாரு" என்றார்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் போனஸ் போய்விடும் என்பது உண்மைதான், அதனால் நம்பிவிட்டேன். முந்தைய வருடப் பாலிசி எங்கே என்று கேட்டு, அது முடிந்த தேதியைப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைச் சொல்லி பழைய ஜாப் கார்டு, அதாவது வண்டி சர்வீஸுக்கு வந்தபோது எழுதிவைத்த பதிவு, விவரம் கேட்டேன். டிசம்பர் 2023, டோ செய்து கொண்டுவரப்பட்டது, உள்ளே தண்ணீர். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த வாரம். பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்த வீடியோவை நானே பத்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பழுது பார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டமாகக் கணக்கு முடித்து, வண்டியை இருந்த நிலையில் ஏலத்துக்கு விடுவார்கள். என் வண்டி அப்படி வந்ததா, ரிப்பேர் செய்து விற்றதா, எனக்குத் தெரிய வழியில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். முதலில் நான் பிடித்தது தப்பான முனை. வாரண்டித் தாளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு மாதம், இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும், எலக்ட்ரிக்கல் கிடையாது. கேட்டைத் தாண்டவே முடியவில்லை. பழைய வண்டியில் கோளாறு என்று மட்டும் சொல்லி நின்றால் எதிர்த்தரப்புக்கு ஒரே பதில் போதும்: பழசு என்றால் தேய்மானம் இருக்கத்தானே செய்யும்? பாகத்தில் குறையா, தேய்மானமா என்று நிபுணர் சோதனை வரை இழுக்கும்.

ஒரு வக்கீல் நண்பர்தான் முனையை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். டெலிவரி அன்று கொடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் "விபத்து இல்லை, வெள்ள பாதிப்பு இல்லை" என்று டிக் போட்டு, கடை முத்திரையும் குத்தியிருந்தது. அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்றும் இருந்தது. கோளாறு பழசா புதுசா என்ற வழக்கு பலவீனம். எழுதிக் கொடுத்தது பொய் என்ற வழக்கு பலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு நியாயமற்ற வணிக நடைமுறை என்று பெயர். எங்களுக்கே தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், பார்க்காமல் ஏன் டிக் போட்டீர்கள் என்று கேட்கலாம்.

1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவு செய்தேன். அங்கே பேசி முடித்துவைக்க முயல்வார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. என் விஷயத்தில் ஒன்றும் நகரவில்லை. அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு. பதில் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு போட்டேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2019 சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பழைய சட்டமாக இருந்தால் நான் திருச்சிக்கு அலைந்திருக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவறவிடக் கூடாது.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஏழு மாதமாக என் போனை எடுக்காத கடைக்காரர் நாற்பதாம் நாள் வக்கீலோடு வந்து நின்றார். ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. நான் கேட்டது முழு விலை. அவர்கள் ஆரம்பித்தது இருபதாயிரத்தில். அதற்குள் நான் செலவழித்த பில் மட்டும் 71,400. கடைசியில் 1,10,000-க்கு ஒத்துக்கொண்டேன். விடாமல் நடத்தியிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கலாம் என்று நண்பர் இன்னும் திட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டவன் நான், அவரில்லை.

இதெல்லாம் கடையில் வாங்கியதால் நடந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை விற்கும்போது அவர் வியாபாரி அல்ல. அங்கே நுகர்வோர் ஆணையம் உதவாது, சிவில் கோர்ட்தான். பழைய வண்டி வியாபாரிகள் 2023 ஏப்ரலிலிருந்து போக்குவரத்துத் துறையில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வதற்கு நான் வெட்கப்பட்டேன். நாலரை லட்சம் கொடுக்கிறவனுக்கு என்ன வெட்கம்!

வந்த பணத்தில் பாய் தரை வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தார், ஏர்பேக் கப்ளரையும் மாற்றினார். 2025 மழையில் ஸ்டியரிங் ஒருமுறைகூட இறுகவில்லை. பின் இடது கண்ணாடி மட்டும் அடைமழையில் இரண்டு விரல் அளவு இறங்கும். அம்மா அந்தப் பக்கம் உட்காருவதில்லை.

போன மாதம் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லி ஜாப் கார்டையும் காட்டினேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் போன் வரவில்லை.