தேக்காவில் தைத்த பாவாடை சட்டை

1964ஆம் ஆண்டு இனக் கலவரத்தின் நினைவாக 1997 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஜூலை 21 அன்று அனுசரிக்கப்படும் இன நல்லிணக்க நாளுக்காக, தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்குப் பாவாடை சட்டை வாங்கத் தேக்கா நிலையத்தின் இரண்டாம் தளத்தில் உள்ள ஒரு தையல் கடைக்குப் போயிருந்தேன்.

“பள்ளிக்கூடத்துக்கா, விசேஷத்துக்கா?” என்று கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். பள்ளிக்கென்று தொங்கவிட்டிருந்தவற்றைத் தொட்டதும் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது: இடுப்பில் எலாஸ்டிக், முதுகில் ஜிப், சரிகை இருக்க வேண்டிய இடத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜிகினா. விலை 28 வெள்ளி. ஒரே ஒரு நாள் உடுத்தி, பிறர் கண்ணுக்கு “இந்தியச் சிறுமி” என்று தெரிந்தால் போதும் என்பதற்காகத் தைத்த உடை அது.

கதைகளிலும் இத்தகைய எலாஸ்டிக் உடைகள் ஏராளம். வேற்றினப் பெண்ணொருத்தியைக் கதைக்குள் கொண்டுவரும் எழுத்தாளர், அவள் பெயரைச் சொல்லும் முன்பே புடவையையும் மல்லிகையையும் சொல்லிவிடுகிறார். கட்டுமான வேலைக்குச் சீனாவிலிருந்து வந்த சம்சுய் பெண் என்றால் சிவப்புத் தலைத்துணி, சீக்கியர் என்றால் தலைப்பாகை, அதற்குக் கீழே உள்ள முகத்தை வரையப் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். முல்லைப்பாட்டில் பாசறையில் பணிபுரியும் யவனரை, அதாவது கிரேக்க, ரோமானிய அந்நியரை, நப்பூதனார் ‘மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து’ என்கிறார். மெய்ப்பை என்பது வேறொன்றுமில்லை, சட்டைதான். உடம்பைப் பைக்குள் நுழைத்துக்கொண்டவன் அன்றைக்கு அச்சமூட்டும் அந்நியன். நிமிர்ந்து பார்த்தால், கடைக்காரர், தையல்காரர், நான் என மூவருமே மெய்ப்பைக்குள்தான் இருந்தோம்.

அளவெடுத்துத் தைக்கவே கொடுத்தேன். பருத்தித் துணியும் கூலியும் சேர்த்து 65 வெள்ளி, ஒன்பது நாள். தையல்காரர் மகளைக் கையைத் தூக்கச் சொன்னார், சம்மணமிட்டு உட்காரச் சொன்னார், ஓடச் சொன்னார். வளரும் பிள்ளை என்று பாவாடையின் அடியில் மூன்று விரற்கடை உள்மடிப்பு விட்டார். குறை இல்லாமல் இல்லை: கைக்குழி இறுக்கமாக இருந்ததால் இன்னொரு முறை அலைய வேண்டியிருந்தது (பிரித்துத் தைத்ததற்குக் காசு வாங்கவில்லை), போட்டுப் பார்க்க ஒரு திரைச்சீலை மறைப்புதான் உண்டு.

மகள் அதைப் பள்ளிக்கு உடுத்திப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலேயே, அதே பாவாடையோடு கீழ்த்தள ஈரச்சந்தைக்கு மீன் வாங்க என்னோடு வந்தாள். ஓரமெல்லாம் நனைந்துவிட்டது, சாயம் போகவில்லை.