வண்டியிலேயே பொருத்தும் ஏர் கம்ப்ரஸர்: ஏ.ஆர்.பி. இரட்டை மோட்டாரும் அதற்கான வயரிங்கும்

மணலிலும் சேற்றிலும் கரடுமுரடான கல்தரையிலும் வண்டி ஓட்டுபவர்கள் டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்குகிறார்கள். தார்ச்சாலைக்கு ஏறியதும் அந்தக் காற்றை மீண்டும் அடித்தாக வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் கிழிந்துவிடும். லைட்டர் துளையில் சொருகும் சிறிய பம்புகள் இந்த வேலைக்குப் பயன்படா; அந்தத் துளைக்குப் போகும் வயரும் ஃப்யூஸும் தாங்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் கையடக்கக் கம்ப்ரஸர்களில் நல்லவை உண்டு. எப்போதாவது மணலுக்குப் போகிறவருக்கு அதுவே போதும். அடிக்கடி போகிறவரும், காற்றால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் (இருபக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர்) வைத்திருப்பவரும்தான் வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் கம்ப்ரஸரைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த வகையில் அதிகம் பேசப்படுவது ஆஸ்திரேலிய நிறுவனமான ஏ.ஆர்.பி.யின் இரட்டை மோட்டார் மாடல். அதன் 12 வோல்ட் வடிவத்தை அதே நிறுவனத்தின் ஒற்றை மோட்டார் மாடலுடன் ஒப்பிட்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

கம்ப்ரஸர் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாமல், அதாவது வெறும் வெளிக்காற்றில் ஊதும்போது கிடைக்கும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த அளவு குறைந்துகொண்டே போகும். இரட்டை மோட்டார் மாடல் எதிரழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 174 லிட்டர் தருகிறது; 29 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) எதிரழுத்தத்தில் அது ஏறத்தாழ 132 லிட்டராகிறது. ஒற்றை மோட்டார் மாடல் அதே 29 பி.எஸ்.ஐ.யில் ஏறத்தாழ 60 லிட்டர் தருகிறது. இரண்டு எண்களையும் வெளிப்படையாகத் தருவது ஏ.ஆர்.பி.யைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம். ஒரே ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டு, அது எந்த அழுத்தத்தில் அளந்தது என்று சொல்லாத பெட்டியை நான் வாங்கமாட்டேன்.

இந்த எண்களை டயரோடு வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும். 265/70 ஆர்17 அளவுள்ள டயரின் உட்கொள்ளளவு தோராயமாக 75 லிட்டர். 18 பி.எஸ்.ஐ.யிலிருந்து 36 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற வேண்டுமானால், ஒரு வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. என்ற கணக்கில், டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து ஒற்றை மோட்டாருக்கு ஆறு நிமிடமும் இரட்டை மோட்டாருக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். ஒரு டயரிலிருந்து அடுத்ததற்கு ஹோஸைக் கொண்டுபோய் மூடியைக் கழற்றி மாட்டுவதற்கு எப்படியும் இதில் பாதி நேரம் போய்விடும் என்பதால், இந்த அளவு டயர் வைத்திருப்பவர் இரட்டை மோட்டாருக்காகச் செலவழிக்கும் கூடுதல் பணம் நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 35 அங்குல டயரின் கதை வேறு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 120 லிட்டர்; 12 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மீண்டும் 36க்கு ஏற்றினால் நான்குக்கும் சேர்த்து 800 லிட்டருக்கு அருகில் போகிறது. ஒற்றை மோட்டார் பதின்மூன்று நிமிடம் விடாமல் ஓட வேண்டும், இரட்டை மோட்டார் ஆறு நிமிடத்தில் முடித்துவிடும்.

விடாமல் ஓட முடியுமா என்பதே அடுத்த கேள்வி. ஓட்டமும் ஓய்வும் சேர்ந்த மொத்த நேரத்தில் ஓட்டத்தின் பங்கைத்தான் ட்யூட்டி சைக்கிள் என்கிறார்கள். 33 சதவீதம் என்றால் பத்து நிமிட ஓட்டத்துக்கு இருபது நிமிட ஓய்வு. ஏ.ஆர்.பி. ஒற்றை மோட்டாருக்கு இது 50 சதவீதம், இரட்டை மோட்டாருக்கு 100. இந்தச் சதவீதம் குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் குறிப்பிட்ட வெளிவெப்பத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. இஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் பானட்டுக்குள் அதே விகிதத்தை எதிர்பார்ப்பது தவறு. இரண்டு மாடல்களுமே எண்ணெய் இல்லாமல் ஓடுபவை. ஆகவே காற்றோடு எண்ணெய் கலந்து லாக்கரின் சீல்களுக்குப் போகும் சிக்கல் இல்லை. பழைய கார் ஏசி கம்ப்ரஸரை இஞ்சின் பெல்ட்டில் மாட்டிக் காற்றடிக்கும் முறையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. அந்த முறை கொடுக்கும் காற்றின் அளவுக்குப் பெரும்பாலான மின் கம்ப்ரஸர்கள் ஈடாகா என்பதும் உண்மைதான்.

இனி பொருத்துவது. விலை உயர்ந்த கம்ப்ரஸர் மெதுவாக ஓடுகிறது என்று குறைப்படுபவர்களில் பலருடைய வண்டியில் குற்றவாளி வயர்தான். இரட்டை மோட்டார் சுமையின்போது 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 60 ஆம்பியர் என்று வைத்து, பேட்டரியிலிருந்து பின்புறச் சரக்குப் பகுதிக்கு நான்கு மீட்டர், திரும்பி வர நான்கு மீட்டர் என்று கணக்கிட்டால், 6 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 16 சதுர மி.மீ. வயரில் இழப்பு அரை வோல்ட்டோடு நின்றுவிடும். மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்ட்டேஜைப் பொறுத்தது என்பதால், மெல்லிய வயரைப் போட்டவர் வாங்கிய காற்றில் பத்தில் ஒரு பங்கை வயரைச் சூடாக்கவே செலவழிக்கிறார். நிறுவனம் தரும் வயரிங் தொகுப்பு பேட்டரிக்கு அருகில் பொருத்துவதற்கு ஏற்ற நீளமுடையது. அதை நீட்ட வேண்டியிருந்தால் அதே தடிமனில் ஒட்டுப்போடாமல், ஒரு படி தடித்த வயரைப் புதிதாக இழுப்பதே முறை.

ஃப்யூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் வைக்க வேண்டும்; அது காப்பது கம்ப்ரஸரை அல்ல, வயரை. டாஷ்போர்டில் உள்ள சுவிட்ச் ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி) மட்டும் இயக்க வேண்டுமே தவிர, மோட்டாரின் மின்னோட்டம் அதன் வழியாகப் போகக் கூடாது. அழுத்தம் ஏறத்தாழ 150 பி.எஸ்.ஐ.யைத் தொட்டதும் நிறுத்தி, 135க்கு இறங்கியதும் மீண்டும் ஓடச் செய்யும் பிரஷர் சுவிட்சும் இதே ரிலே வட்டத்தில்தான் வரும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள புதிய வண்டிகளில், எர்த் வயரை அந்த முனையில் நேரடியாக மாட்டாமல் பாடியில் உள்ள எர்த் இடத்தில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் இழுக்கப்படும் மின்சாரம் வண்டியின் கணக்கில் ஏறாது. காற்றடிக்கும் நேரம் முழுவதும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தனியே சொல்லத் தேவையில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சமரசம் இல்லாமல் முடியாது. பானட்டுக்குள் வயரின் நீளம் குறையும், சூடு கூடும். இருக்கைக்கு அடியில் சூடு குறையும்; ஆனால் இரட்டை மோட்டாரின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே இருப்பவர்களின் பேச்சை நிறுத்திவிடும். நான் சரக்குப் பகுதியின் பக்கவாட்டில், கனமான பிராக்கெட்டில் பொருத்தி, நீண்ட வயருக்கான செலவை ஏற்றுக்கொண்டேன். எங்கே வைத்தாலும், வண்டி நீரைக் கடக்கும்போது எட்டும் மட்டத்துக்கு மேலே காற்று உள்ளிழுக்கும் வடிகட்டி இருக்க வேண்டும். மோட்டாருக்குத் தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் காப்பு உண்டு என்பதற்காக அதை மூழ்கடிக்க முடியாது.

கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதனால் தலைப்பகுதியிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு எஃகுப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸே வேண்டும். நைலான் குழாய் அங்கே இளகிவிடும். இணைப்புகளில் கால் அங்குல என்.பி.டி. (அமெரிக்க அளவு) மரையும் கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் அங்குலத்துக்கு 18 மரை, மற்றதில் 19. ஒன்றை மற்றதில் திருகினால் ஓரிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகியதுபோல் தோன்றிக் காற்று கசியும். லாக்கர் உள்ள வண்டியில் மரைக்கு வெள்ளை டேப் சுற்றுவதையும் தவிர்க்க வேண்டும். அதன் துணுக்கு, லாக்கருக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வில் சிக்கினால் லாக்கர் விடுபடாது. பசைபோன்ற மரைச்சீலண்டே பாதுகாப்பானது.

காற்றுத் தொட்டி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். டயருக்கு மட்டும் என்றால் வேண்டாம். நான்கு லிட்டர் தொட்டியில் சேர்த்துவைக்கும் காற்று ஒரு டயரின் பாதித் தேவைக்குக்கூடப் போதாது. ஹார்னுக்கும் காற்றுக் கருவிகளுக்கும் அது உதவும். அப்படி வைத்தால் அடியில் தேங்கும் நீரை வடிக்கும் குழாயும், பாதுகாப்பு வால்வும் கட்டாயம்.

எல்லாம் பூட்டியபின் முழு அழுத்தத்துக்கு ஏற்றி, சுவிட்ச் நிறுத்தியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டயர் அடிக்காதபோதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் தானாக ஓடி நிற்குமானால் எங்கோ கசிகிறது. மண்சாலையில் ஓடிய பிறகு பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, வடிகட்டியிலுள்ள தூசியையும் தட்டிவிட வேண்டும்.